தழும்பு ஆறிய பிறகும் வயிற்றைக் கவனியுங்கள்



"வயித்துல வாயு புடிச்சிருக்குட்டி. கொஞ்சம் ஓமத்தை மென்னு வெந்நி குடிச்சிட்டுப் படு, சரியாப் போவும்."

அம்பாசமுத்திரம் முதல் ஏரல் வரை, தாமிரபரணிக் கரையில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு இருக்காது. ஆச்சி சொல்வாள், அத்தை சொல்வாள், பக்கத்து வீட்டு மதினியும் சொல்வாள். சொல்வதில் தப்பும் இல்லை. பெரும்பாலும் அது வாயுதான். ஓமத் தண்ணீரிலேயே அடங்கியும் விடும்.

ஆனால் அதே வலி, வயிற்றில் ஆபரேஷன் தழும்பு உள்ள ஒரு பெண்ணுக்கு வந்தால்? கூடவே வாந்தியும் வந்து, வயிறும் உப்பி, வாயுவும் பிரியாமல் போனால்? அப்போது ஓமத்தை எடுக்கக் கூடாது. வண்டியை எடுக்க வேண்டும். இந்த இதழில் பேசப் போவது அதைப் பற்றித்தான். குடலடைப்பு என்பது அதன் பெயர். ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாளும் வரலாம், பத்தாம் வருஷமும் வரலாம். சிசேரியன், கர்ப்பப்பை நீக்கம், குடும்பக் கட்டுப்பாடு, அப்பெண்டிஸ் என்று ஏதாவது ஒன்றுக்கு வயிற்றைத் திறந்திராத பெண்கள் இன்று குறைவு. அதனால்தான் இது நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

வாய்க்காலில் அடைப்பு

நம் ஊர்ப் பெண்களுக்குக் குடலடைப்பை விளக்குவது சுலபம். கன்னடியன் கால்வாயில் ஓரிடத்தில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்? அடைப்புக்கு மேலே தண்ணீர் தேங்கிக் கரையை முட்டும். கீழே வயல் காயும். குடலிலும் அப்படியேதான்.

நம் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். நாம் சாப்பிடுவதும் குடிப்பதும் மட்டுமல்ல, உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணைய நீர் எல்லாமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது லிட்டர் அதற்குள் இறங்குகிறது. அதில் பெரும்பகுதியைக் குடலே உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். வழி அடைபட்டால் இந்த நீரும் காற்றும் மேலே தேங்குகின்றன. குடல் பலூன் போல வீங்குகிறது. அடைப்பைத் தள்ளிவிடப் பார்த்து முறுக்கி முறுக்கி வேலை செய்கிறது. விட்டு விட்டு வரும் அந்த முறுக்குவலி இதனால்தான். தேங்கியது மேல்நோக்கி வந்தால் வாந்தி. கீழே ஒன்றும் போகாததால் மலமும் இல்லை, வாயுவும் இல்லை.

உடம்புக்குத் திரும்ப வேண்டிய நீர் குடலுக்குள்ளேயே கிடப்பதால் நோயாளிக்கு நாக்கு வறளும், சிறுநீர் குறையும், நாடி வேகமாக ஓடும். இன்னும் மோசமான நிலை ஒன்று உண்டு. குடல் முறுக்கிக்கொண்டோ, இறுகிய வளையத்துக்குள் மாட்டிக்கொண்டோ, அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்றுபோவது. அப்படியானால் சில மணி நேரத்திலேயே அந்தத் துண்டு அழுக ஆரம்பித்துவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லக் கூடாத நோய் இது.

ஆறிய புண்ணுக்குள் ஒட்டு

சரி, ஆபரேஷனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வயிற்றின் உட்புறத்தையும் குடலையும் மூடிக்கொண்டு வழவழப்பான மெல்லிய ஜவ்வு ஒன்று இருக்கிறது. விரித்துப் பார்த்தால் ஏறக்குறைய நம் உடம்புத் தோலின் பரப்பளவு இருக்கும். குடல் சுருள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடுவது இதன் தயவால். கத்தி பட்டாலோ, ரத்தம் தேங்கினாலோ, சீழ் பிடித்தாலோ இந்த ஜவ்வு காயப்படும். காயம் பட்ட இடத்தில் சில மணி நேரத்துக்குள் கஞ்சிப் பசை போல ஒரு பொருள் படியும். சில நாட்களில் உடம்பே அதைக் கரைத்துவிட வேண்டும். கரையாமல் நின்றால், அடுத்தடுத்துள்ள இரண்டு பாகங்களைப் பிடித்துக்கொண்டு நாராக இறுகிவிடும். இதைத்தான் டாக்டர்கள் ஒட்டு என்கிறார்கள்.

வயிற்றைத் திறந்து பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஏதோ ஓர் அளவில் ஒட்டு இருக்கும். பயந்துவிடாதீர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதனால் ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் வராது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட கணக்குப்படி, வயிற்று ஆபரேஷன் ஆனவர்களில் ஒட்டினால் குடலடைப்பு வருவது நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்குத்தான். ஆனால் இத்தனை லட்சம் பேருக்கு ஆபரேஷன் நடக்கும் நாட்டில் அந்த இரண்டு, மூன்று என்பது சின்னக் கணக்கில்லை.

எப்போது வரும் என்பதற்கும் ஒரு வரைமுறை கிடையாது. ஸ்காட்லாந்தில் 1986-ல் வயிற்றிலும் இடுப்புக்குழியிலும் ஆபரேஷன் ஆனவர்களைப் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒட்டு சம்பந்தப்பட்ட, அல்லது சம்பந்தப்பட்டிருக்கக்கூடிய காரணங்களுக்காக மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கில், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானது முதல் வருஷத்திலேயே நடந்தது. மீதி, பத்தாவது வருஷம் வரை பரவிக் கிடந்தது. "தையல் பிரிச்சி எட்டு வருஷம் ஆச்சே, இனிமே அதுக்கும் இதுக்கும் என்ன?" என்று நாம் கேட்பது அதனால்தான் பொருந்தாது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன வித்தியாசம்?

ஆண் குடல், பெண் குடல் என்று தனித்தனியாக இல்லை. வித்தியாசம், யாருக்கு எந்த ஆபரேஷன் நடக்கிறது என்பதில்தான் முக்கியமாக இருக்கிறது.

இரண்டு தலைமுறைக்கு முன்னால் நம் தெற்கத்திச் சீமையில் வயிற்றில் பெரிய தழும்பு என்றால் அது பெரும்பாலும் ஆண்பிள்ளைக்குத்தான். குடல்புண் அப்போது ஆண்களுக்கே அதிகம். எவரெஸ்ட் சிகரத்துக்கு 1922-ல் போன குழுவில் இருந்த டாக்டர் சாமர்வெல், பிறகு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டார்; வயிற்றுப்புண்ணுக்கு அவர் செய்த ஆபரேஷன்களால் அந்த ஆஸ்பத்திரியே பெயர் பெற்றது. 1982-ல் ஆஸ்திரேலியாவில் மார்ஷல், வாரன் என்ற இரண்டு டாக்டர்கள் அந்தப் புண்ணுக்குப் பின்னால் ஒரு கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2005-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். மாத்திரையிலேயே ஆறும் என்று ஆனதும் அந்த ஆபரேஷன் அநேகமாக மறைந்துவிட்டது.

இன்று தழும்பு பெண்ணின் அடிவயிற்றுக்கு வந்துவிட்டது. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்குச் சுமார் 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் சுமார் 64. குடும்பக் கட்டுப்பாட்டு முறை என்று பார்த்தால், நூறு மணமான பெண்களில் 58 பேர் அளவுக்குத் தாங்களே ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆணின் பங்கு ஒன்றுக்கும் கீழே.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1976–77-ல் இந்தியா முழுவதும் நடந்த சுமார் 83 லட்சம் கருத்தடை ஆபரேஷன்களில் 62 லட்சம் ஆண்களுக்கு நடந்தவை. நெருக்கடி நிலையின்போது நடந்த கட்டாயத்தால் அந்த ஆபரேஷனுக்கே கெட்ட பெயர் வந்தது. அதன் பிறகு பாரம் முழுக்கப் பெண் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆணுக்குச் செய்வதில் வயிற்றைத் திறக்கவே வேண்டியதில்லை. சில நிமிஷ வேலை. குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் பெண்ணுக்குப் போடும் சின்னத் துளையால் குடலடைப்பு வருவது அபூர்வம்தான். ஆனாலும் ஏற்கெனவே இரண்டு சிசேரியன் ஆன மனைவியின் வயிற்றுக்கு மூன்றாம் தழும்பு வேண்டாமே என்று நினைக்கும் கணவர், இதைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். அதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பெண்களின் ஆபரேஷன்களிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. குடலடைப்பு விஷயத்தில் கவனிக்க வேண்டியது கர்ப்பப்பை நீக்கம். கனடாவில் மான்ட்ரியால் டாக்டர்கள் 1999-ல் வெளியிட்ட கணக்கில், கர்ப்பப்பை எடுத்த ஆயிரம் பேருக்குச் சுமார் 16 என்ற அளவில் ஒட்டினால் குடலடைப்பு வந்திருந்தது. சிசேரியனுக்குப் பின் பத்தாயிரம் பேருக்குச் சுமார் 5 தான். ஏன் இவ்வளவு வித்தியாசம்? கர்ப்பப்பை இருந்த இடம் வயிற்றின் அடிக்குழி. சிறுகுடல் சுருள்கள் இயற்கையாகவே சரிந்து வந்து கிடக்கும் இடம் அது. அங்கே பச்சைப்புண்ணாக ஒரு பரப்பு இருந்தால் குடல் போய் ஒட்டிக்கொள்ள வசதியாகிவிடுகிறது. சிசேரியனில் ஆபத்து குறைவுதான். ஆனால் இரண்டாவது, மூன்றாவது என்று கூடக்கூட ஒட்டும் கூடும்.

ஆண்களுக்கு வேறு விதமான தொல்லை உண்டு. பெருங்குடல் ஆபரேஷன் ஆன கையோடு, அடைப்பு எதுவும் இல்லாமலே குடல் சில நாள் அசையாமல் படுத்துக்கொள்ளும். இது பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம் வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வருவதால் டாக்டர்களே கவனித்துக்கொள்வார்கள். பெண்ணுக்கு வருவதோ, வீட்டுக்கு வந்து, பிள்ளை வளர்ந்து, எல்லோரும் ஆபரேஷனையே மறந்த பிறகு. கவனிக்க அவளைத் தவிர ஆள் இல்லை.

அவளும் கவனிப்பாளா? முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிறவள் "இன்னைக்குக் கணக்கைக் கடையில ஒப்படைச்சிட்டு வாரேன்" என்பாள். நடவுக்குப் போகிறவள் "கூலி போயிரும்" என்பாள். வீட்டில் இருப்பவள் "பிள்ளைக்குப் பரீட்சை, முடியட்டும்" என்பாள். வலியைப் பொறுப்பதில் நமக்கு இருக்கும் பழக்கமே இந்த நோயில் நமக்கு எதிரியாகிவிடுகிறது.

நான்கு அடையாளங்கள்

இவற்றை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்தாலும் நல்லதுதான்.

1. விட்டு விட்டு வரும் முறுக்குவலி. தொப்புளைச் சுற்றிப் பிடிக்கும், சில நிமிஷம் தளரும், மறுபடி பிடிக்கும்.

2. வாந்தி. முதலில் சாப்பிட்டது வரும். பிறகு மஞ்சளாகவோ பச்சையாகவோ பித்தநீர் வரும். முற்றிப்போனால் மல நாற்றத்தோடு பழுப்பாக வரும்.

3. வயிறு உப்பல். புடவைக் கொசுவம் இறுக்கிப் பிடிப்பது போலத் தோன்றும்.

4. மலமும் வாயுவும் பிரியாமை.

நான்காவதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்த மலம் ஒரு தடவை வெளியேறலாம். அடைப்பு பாதியாக இருந்தால் கொஞ்சம் நீராகவும் போகலாம். "வெளிக்குப் போயாச்சு, அப்ப அடைப்பு இல்ல" என்று முடிவு கட்டாதீர்கள். மற்ற மூன்றும் இருந்தால் அதுவே போதும், கிளம்பிவிட வேண்டும்.

விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறினாலும், காய்ச்சல் அடித்தாலும், தொட்டாலே வயிறு துடித்தாலும், கை கால் சில்லிட்டு வேர்த்தாலும், குடலுக்கு ரத்தம் நின்றிருக்கலாம் என்று அர்த்தம். அப்போது ஒரு நிமிஷமும் தாமதம் கூடாது.

பிள்ளைத்தாய்ச்சியும் பிள்ளை பெற்றவளும்

முதல் பிள்ளை சிசேரியன். இப்போது இரண்டாவது. ஐந்தாம் மாசமோ ஏழாம் மாசமோ திடீரென்று வாந்தியும் வயிற்றுவலியும். வீட்டில் என்ன சொல்வார்கள்? "மசக்கை இன்னும் தீரலை" என்பார்கள். இல்லாவிட்டால் "சூட்டுவலி" என்பார்கள். மசக்கை வாந்தி முதல் மூன்று மாசத்துக்குள் ஆரம்பிப்பது. அது நின்ற பிறகு, பிந்திய மாசங்களில் புதிதாக ஆரம்பிக்கும் வாந்தியை மசக்கை என்று தள்ளக் கூடாது. கர்ப்பப்பை வளர்ந்து மேலே எழும்பும்போது பழைய ஒட்டு இழுபட்டுக் குடல் மடங்க வாய்ப்பு உண்டு. அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடந்தால் தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து. எக்ஸ்ரே எடுத்தால் பிள்ளைக்கு ஆகாதே என்று பயந்து தாமதிப்பதைவிட, எது எடுக்கலாம், எது வேண்டாம் என்பதை டாக்டரிடமே விட்டுவிடுவது மேல்.

சிசேரியன் ஆன முதல் வாரத்தில் இன்னொன்று உண்டு. எந்த ஒட்டும் இல்லாமலே பெருங்குடல் அசைவற்றுப் போய், வயிறு நாளுக்கு நாள் பானை போல வீங்கும். 1948-ல் இதை முதலில் விவரித்த இங்கிலாந்து சர்ஜன் ஒகில்வியின் பெயரால் இதை அழைக்கிறார்கள். இளம்பெண்களுக்கு இது வருவது பெரும்பாலும் சிசேரியனைத் தொடர்ந்துதான். அபூர்வம், ஆனால் விட்டால் குடல் வெடித்துவிடக்கூடும். "பிள்ளை பெத்த வயிறு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். வயிறு குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போனால் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள்.

சாதாரணமாகக் குடல் சீக்கிரம் விழிப்பதற்கு என்ன செய்யலாம்? டாக்டர் சொன்னதும் எழுந்து நடப்பது, அவர் சொன்ன நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பிப்பது. சூயிங் கம் மெல்லுவதுகூட சிசேரியனுக்குப் பிறகு குடலைச் சீக்கிரம் எழுப்புவதாக ஆய்வுகளில் தெரிகிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் காயப்போடும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். தாய்ப்பாலுக்கும் தண்ணீர் வேண்டும், குடலுக்கும் தண்ணீர் வேண்டும்.

தழும்பே இல்லையென்றால்?

வயிற்றில் ஆபரேஷனே ஆகாத பெண்ணுக்குக் குடலடைப்பு வந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் தொடை இடுக்கு. அங்கே நெல்லிக்காய் அளவில் ஒரு முண்டு இருக்கும். குடலின் ஒரு சிறு பகுதி இறங்கி அங்கே மாட்டிக்கொண்டிருக்கும். ஹெர்னியா என்றாலே ஆண்களுக்கு வருவது என்று நினைக்கிறோம். தொடைப்பக்கம் இறங்கும் இந்த வகை ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். அதிலும் வயதாகி மெலிந்த ஆச்சிமாருக்கு. வழி குறுகலாக இருப்பதால் சீக்கிரம் இறுகிக்கொள்ளும். வெட்கத்தினால் காட்டமாட்டார்கள். டாக்டர் வயிற்றை மட்டும் அமுக்கிப் பார்த்தால் அது தெரியாமலே போகலாம். வீட்டுப் பெரியவளைக் குளிப்பாட்டும் மகளோ மருமகளோ அங்கே ஒரு முண்டைப் பார்த்தால், அவளைக் கேட்டு, டாக்டரிடம் சொல்லுங்கள். சிசேரியன் தழும்பின் வழியாகவும் தொப்புளின் வழியாகவும் இப்படிக் குடல் பிதுங்குவது உண்டு.

வயிற்றுக்குள் வரும் காசநோயும் குடலை ஒட்டவைத்துக் குறுக்கிவிடும். நாள்பட்ட வயிற்றுவலி, சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைத்தல் மூன்றும் சேர்ந்து இருந்தால் அதற்கும் சோதிக்க வேண்டும். மருந்தில் குணமாகும் நோய் அது.

வீட்டில் செய்யக் கூடாதவை

விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். பேதி மாத்திரை கொடுக்காதீர்கள். அடைத்த வாய்க்காலில் மேலிருந்து இன்னும் தண்ணீரைத் திறந்துவிட்டால் கரை உடையாமல் என்ன செய்யும்? கடையில் வாங்கி எனிமா வைக்க வேண்டாம். கீழே இருந்த கொஞ்சம் மலம் வந்து, சரியாகிவிட்டது என்று பொய்யான நிம்மதிதான் கிடைக்கும். வயிற்றை எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். குடலேற்றம் தட்டுகிறோம் என்று யாரிடமும் போக வேண்டாம். சோடா, எலுமிச்சைச் சாறு, கஞ்சி எதுவும் வேண்டாம். ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

2008-லிருந்து நமக்கு 108 வண்டி இருக்கிறது. பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். விடியட்டும், முதல் பஸ்ஸில் போகலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்திலும் தென்காசியிலும் அரசு ஆஸ்பத்திரிகள் உண்டு. பெரிய ஆபரேஷன் வேண்டியிருந்தால் அங்கிருந்து, 1965-ல் ஆரம்பித்த திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கைக்குழந்தை இருந்தால் துணைக்கு ஒருவரோடு அழைத்துக்கொண்டே போங்கள். தொடர்ந்து பால் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். பிள்ளைக்காக வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

போனதுமே கத்தியை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். வாய் வழியாக ஒன்றும் கொடுக்காமல், குளுகோஸ், உப்பு நீர் ஏற்றுவார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இரைப்பைக்குள் விட்டுத் தேங்கியதை எடுப்பார்கள். குழாய் போடும்போது சங்கடம்தான். ஆனால் போட்ட சிறிது நேரத்தில் வாந்தியும் உப்பலும் குறைந்து நிம்மதி வரும். நிற்கவைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். வீங்கிய குடலில் படிப்படியாக நீர்மட்டம் தெரியும். தேவையானால் சி.டி. ஸ்கேன். சில இடங்களில் ஒரு மருந்தைக் குழாய் வழியே விட்டு, அது பெருங்குடல் வரை போய்ச் சேருகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். ஒரு நாளைக்குள் போய்ச் சேர்ந்தால் அடைப்பு தானாகவே விலகும் என்று நம்பலாம்.

ஒட்டினால் வரும் அடைப்பில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த வைத்தியத்திலேயே சரியாகிவிடும். சாதாரணமாக மூன்று நாள் வரை பார்ப்பார்கள். விலகாவிட்டாலோ, ரத்தம் நின்றதன் அறிகுறி தென்பட்டாலோதான் ஆபரேஷன். ஒரு ஒட்டை எடுக்கச் செய்யும் ஆபரேஷனே புது ஒட்டுக்கு வித்திடலாம் என்பதால், டாக்டர்களும் அவசியமில்லாமல் அதற்குப் போகமாட்டார்கள். நேரத்தோடு போனால் குழாயும் குளுகோஸும். நேரம் கழித்துப் போனால் குடலின் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க வேண்டி வரலாம். அந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் நாம் வீட்டில் கழித்த ஓர் இரவுதான்.

ஆபரேஷனுக்கு முன்னால் கேளுங்கள்

ஒட்டைக் குறைக்க முதல் வழி, வேண்டாத ஆபரேஷனைத் தவிர்ப்பது. தேவையான ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிசேரியன் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுகிற வேளைகள் உண்டு. புற்றுநோய்க்குக் கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் பெரும்போக்கு, வெள்ளைப்படுதல் என்று போகும் நாற்பது வயதுக்குட்பட்ட பெண்ணிடம் "பிள்ளைதான் பெத்தாச்சே, எடுத்துப் போட்டுருவோம்" என்று சொன்னால், மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் மருந்து போன்ற வேறு வழி உண்டா என்று கேளுங்கள். இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை நீக்கப்பட்டது பற்றிய வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், சிறு துளை வழியாகவோ கீழ்வழியாகவோ செய்ய முடியுமா என்று கேட்கலாம். வயிற்றைப் பெரிதாகத் திறப்பதைவிட அதில் ஒட்டு குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. சர்ஜன் கையுறையில் பூசும் மாவுகூட வயிற்றுக்குள் உதிர்ந்து ஒட்டை உண்டாக்கும் என்று தெரிந்து, அமெரிக்காவில் 2017 முதல் மாவுக் கையுறைகளைத் தடை செய்துவிட்டார்கள்.

சாப்பாட்டில் பத்தியம் உண்டா?

ஆபரேஷன் ஆகி நன்றாக இருப்பவர்களுக்கு ஆயுள் பத்தியம் ஒன்றும் இல்லை. ஒட்டைக் கரைக்கும் உணவோ லேகியமோ கிடையாது; இருப்பதாகச் சொல்லி விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். ஒரு தடவை அடைப்பு வந்து சரியானவர்கள் மட்டும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். ஒரேயடியாக வயிறு முட்டச் சாப்பிடாமல், பிரித்துச் சாப்பிட வேண்டும். பனங்கிழங்கு, ஆரஞ்சுச் சுளையின் தோல், முருங்கைக்காய்ச் சக்கை போன்ற நார்ப் பண்டங்களை அப்படியே விழுங்கக் கூடாது. நன்றாக மென்று, சக்கையைத் துப்பிவிட வேண்டும். குறுகிய இடத்தில் நார் உருண்டு போய் அடைப்பது உண்டு. பல் இல்லாத பெரியவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். தினமும் கொஞ்சம் நடப்பதும் நல்லது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. டாக்டர் "முன்னால ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்காம்மா?" என்று கேட்டால், நம்மில் பலர் "இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். சிசேரியனையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் ஆபரேஷன் கணக்கிலேயே நாம் சேர்ப்பதில்லை. அதனால் இன்றைக்கே, ரேஷன் கார்டு, ஆதார் வைத்திருக்கும் பையில் ஒரு தாள் சேர்த்து வையுங்கள். எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி, என்ன ஆபரேஷன் என்று மூன்று வரி எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் அதையும் கூட வையுங்கள். உங்களுக்கு எழுதியானதும் அத்தைக்கும் அம்மாவுக்கும் கேட்டு எழுதுங்கள். அவர்களுக்கு வருஷம் மறந்திருக்கும். எந்தப் பிள்ளை பிறந்தபோது என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.